ஈரம் காயாத ஆறு கெண்டிகள்

மேடை என்று சொல்லிக்கொள்ள நம்மிடம் இருப்பவை இரண்டு பலகைப் பெட்டிகள்தான். அவற்றின்மேல் ஆடாமல் அசையாமல் அமர்ந்திருக்கும் துணைத்தலைவர் ஐடா ப்ரூஸ்டர் அவர்களே, தீயணைப்பு வண்டியை வெளியே பனியில் நிறுத்திவிட்டு இந்தக் கூடத்தை நமக்கு ஒழித்துக் கொடுத்த நண்பர்களே, முன்வரிசையில் தொப்பியைக் கையில் பிடித்தபடி இருக்கும் எங்கள் ஹார்லன் அவர்களே, பெல்டன் மரக்கடைசல் கழகத்தின் அன்பர்களே, வணக்கம்!

நம் தலைவர் தெல்மா ஆஸ்டர்கிரென் மறைந்துவிட்டார். ஊர்ப் பிள்ளைகளைப் பள்ளிப் பேருந்தில் ஏற்றி இறக்கிய தெல்மா! தேநீர் ஊற்றவே முடியாத தேநீர்க் கெண்டிகளின் பேரரசி தெல்மா!

அந்தக் கெண்டிகள் எப்படிப் பிறந்தன? இதோ, இந்தக் கடைசல் எந்திரத்தில் ஒரு கிண்ணம் கடைந்துகொண்டிருந்தார். கிண்ணத்தின் சுவரை மெல்லிசாக்கும் ஆசையில் உளி பக்கவாட்டில் பொத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. ஓட்டை போட்டவர் அதை அடுத்த கூட்டத்தில் மேசைமேல் வைத்துக் கேலிக்கு ஆளாக வேண்டும் என்பது நம் கழகத்து வழக்கம். நம்மில் பலர் யாரும் பார்ப்பதற்குள் அதை அடுப்பில் போட்டுவிடுவோம். தெல்மா போட்டாரா? ஓட்டையில் ஒரு கோணல் மூக்கைச் செருகி, பின்னால் ஒரு கைப்பிடியை ஒட்டி, நிமிர்ந்த தலையோடு கொண்டுவந்து வைத்தார்!

"ஏண்டி தெல்மா, இதுல டீ ஊத்துனா எல்லாம் ஒழுகிடுமேடி?" என்றார் ஐடா.

"டீ குடிக்க வீட்டுல வேற கெண்டி இருக்கு. இது சும்மா நின்னு உங்கள மொறைக்கிறதுக்கு!"

அதன்பிறகு எத்தனை கெண்டிகள்! ஓடிப்போகக் கிளம்பியதுபோல் ஒரு காலைத் தூக்கி நின்றது ஒன்று. தன் மூக்கைத் தானே திரும்பிப் பார்த்தது இன்னொன்று. அவை வரிசையாக நின்ற அலமாரியைச் சிரிக்காமல் கடந்து போனவர் உண்டா?

என் கதையையும் சொல்லியாக வேண்டும். எந்திரத்திலிருந்து தெறித்த கட்டை என் வலது மணிக்கட்டை நொறுக்கியபோது, இனி உளியைத் தொடுவதில்லை என்று வீட்டில் முடங்கிவிட்டேன். தெல்மா வந்தார். இடது கையால் மட்டுமே பிடிக்க முடிகிற ஒரு கெண்டியை என் மடியில் வைத்தார்.

"இதப் புடிக்கிற கைக்கு உளியும் புடிக்கத் தெரியும். சனிக்கிழமை வந்து சேரு. வரலேன்னா பஸ்ஸோட வந்து ஹாரன் அடிப்பேன்."

நான் போகவில்லை. பேருந்து வந்தது! தெருவே சன்னலைத் திறந்து பார்க்கும்படி ஹாரன் அடித்தார். மானம் போகிறதே என்று ஓடிப்போய் ஏறினேன். இன்றுவரை இடது கையால்தான் கடைகிறேன்.

அன்பர்களே, அவர் விட்டுப்போனவை மூக்கும் மூடியும் இன்னும் வைக்காத ஆறு கெண்டி உடல்கள். பச்சை மேப்பிள் மரத்தில் தடிமனாகக் கடைந்து, வெடிக்காமல் மெதுவாகக் காய மெழுகு பூசி வைத்தவை. ஈரம் வற்றி எடை குறைவது நின்றால்தான் மறுபடி எந்திரத்தில் ஏற்ற முடியும். ஞாயிறுதோறும் சமையலறைத் தராசில் நிறுத்து, கெண்டியின் அடியிலேயே பென்சிலால் எழுதுவது கணவர் ஹார்லனின் வேலை. "அவ கடைவா, நான் நிறுப்பேன். எங்க குடும்பம் இப்படித்தான் ஓடுச்சு" என்பார்.

மகள் காரின் அவரை அரிசோனாவுக்குக் கூப்பிட்டாள். அவளைக் குறை சொல்ல முடியுமா? தனி வீட்டில் அப்பா சாப்பிட்டாரா இல்லையா என்று பயப்படுகிறாள். போன வாரம் ஹார்லன் இங்கே வந்து, ஆறையும் கட்டி எடுத்துப்போவதாகச் சொன்னார். ஐடாதான் வாயைத் திறந்தார்.

"ஹார்லன், அந்தப் பாலைவனத்து வறண்ட காத்துல ஒரே வாரத்துல படார் படார்னு வெடிச்சிரும். ஒண்ணுகூட மிஞ்சாது."

"அப்ப என்ன பண்ணச் சொல்ற? அவ கை பட்டத இங்க விட்டுட்டு, நான் அங்க போய்ச் சுவத்தைப் பாத்துட்டு உக்காரணுமா?"

நான் வீட்டுக்குப் போய் அழுதேன்.

நேற்று அவரே தொலைபேசியில் அழைத்தார். "இப்பத்தான் நிறுத்தேன். இன்னும் குறையுதுப்பா. பாதி ஈரத்துல விட்டுட்டு எங்க போறது? இதுங்க காஞ்சப்புறம்தான் வருவேன்னு காரின்கிட்ட சொல்லிட்டேன்."

ஹார்லன் அவர்களே, காய்ந்த ஒவ்வொன்றையும் நாங்கள் கடைந்து முடிப்போம். மூக்கு வைப்போம், மூடி வைப்போம். தெல்மாவின் குறும்பு எங்களுக்கு வராது. ஆனாலும் முயல்வோம்! இது இந்தக் கழகத்தின் உறுதி.

இன்னொன்றும் உண்டு. காரினிடம் பேசிவிட்டோம். கோடையில் தானே இங்கு வருவதாகச் சொல்லியிருக்கிறாள். தோழர்களே, வண்டிகளில் இருப்பதை இப்போது உள்ளே கொண்டு வாருங்கள்.

பாருங்கள் ஹார்லன்! ஆளுக்கொரு கெண்டி உடல், இந்த ஏழு நாளில்தான் கடைந்தோம். எல்லாம் பச்சை மரம், இன்னும் கையில் ஈரம் ஒட்டுகிறது. ஞாயிற்றுக்கிழமை நிறுக்கத் தொடங்குங்கள். இவை காய்வதற்குள் அடுத்தவற்றைக் கொண்டுவருவோம்.