டி டிரைவில் இடமில்லை

— இப்ப பாருக்கா, சும்மா பறக்குது. முன்னல்லாம் ஆன் பண்ணிட்டு டீ குடிச்சிட்டு வந்தாலும் சுத்திக்கினே கெடக்கும்.

— இன்னாடா பண்ண?

— தேவயில்லாததெல்லாம் தூக்கிட்டேன். டி டிரைவு ஃபுல்லாயி செவப்பு காட்டிக்கினு இருந்துச்சு. ஒரே பேஜாரு.

— சரி, தள்ளு. வக்கீலம்மா பென் டிரைவ்ல போட்டு எடுத்துக்கினு வரச் சொன்னாங்க. நாளைக்குக் காலையில விழுப்புரம் கோர்ட்டுல குடுக்கணும்.

— இப்பவே இன்னாக்கா அவசரம். சாப்புட்டு அப்பறம் பண்ணு.

— தமிழ்மணி, மல்லாட்டை ரேட்டு எங்கடா?

— இன்னா ரேட்டு?

— மல்லாட்டை ரேட்டுன்னு ஒரு ஃபோல்டரு. இங்கதான் இருந்துச்சு.

— அதுவா. நாம இன்னா வேர்க்கடல ஏலம் வுடற கமிட்டியா நடத்திக்கினு இருக்கறோம், மல்லாட்டை ரேட்டு நமக்கு எதுக்குன்னு அதயும் சேத்துத் தூக்கிட்டேன்.

— ரீசைக்கிள் பின்ல இருக்கும்ல?

— அதயும் காலி பண்ணிட்டேன். எடம் வேணும்ல.

— எடமா. இங்க நாப்பது படம் கெடக்குது. இரும்பை கோயில் திருவிழாவுல ஒங்கூட்டாளிங்க ஆடுன டான்ஸு கெடக்குது. ஒரு கேமு மட்டும் அறுவது ஜிபின்னு காட்டுது. அதெல்லாம் வெச்சது வெச்சபடி கீது. என்னுது ஒரு ஜிபி கூட இல்ல.

— கவனிக்கலக்கா. ஜல்தியா பண்ணது.

— அதுல இன்னா இருந்துச்சுன்னு ஒனக்குத் தெரியும்.

— எனக்கெப்டி தெரியும்?

— அந்தப் பேர வெச்சதே நீதான்டா. மல்லாட்டைன்னு வெச்சா எவனும் தொறக்க மாட்டான்னு இந்த எடத்துல ஒக்காந்துக்கினு சிரிச்ச.

— எப்பவோ வெச்ச பேருக்கா, மறந்துட்டேன்.

— போவட்டும், லேப்டாப்ப எடு. பஸ் ஸ்டாண்டாண்ட கடையில குடுத்தா அழிஞ்சதயும் எடுத்துத் தருவாங்களாம். என்னாண்ட வேற காப்பி இல்ல.

— வராதுக்கா. அதுமேல படத்த ஏத்தி ரொப்பிட்டேன். அப்டிப் பண்ணா வராதான்னு அந்தக் கடையில கேட்டுக்கினுதான் பண்ணேன்.

— கேட்டுக்கினு பண்ணியா.

— ஆமாக்கா. இன்னா பண்ணச் சொல்ற? பொண்ணு குடுத்துப் பொண்ணு எடுக்கறோம்னு ரெண்டு வூட்லயும் எப்பவோ பேசி வெச்சது. தை மாசம் திருவக்கரை கோயில்ல தாலி கட்டலாம்னு இருந்தோம். நீ கேஸுன்னு கெளம்பிட்ட. புருசன ஜெயில்ல வெச்சிட்டு வந்தா, அவரு தங்கச்சிய எனக்குக் குடுப்பாங்களா? மாமா கண்டமங்கலத்துலேர்ந்து நேரா என் கம்பெனி வாசலுக்கே வந்துட்டாரு. அந்த வீடியோ இருக்கற வரைக்கும் கலைப்பிரியாவ மறந்துடுன்னாரு.

— மாமாவா.

— பின்ன எப்டிக் கூப்புடறது?

— ஒங்க மாமா என் தலைய புடிச்சி செவுத்துல மோதறத நீ பாத்தியா?

— பாத்தேன்.

— முழுசா?

— முடியலக்கா. பாதியில நிறுத்திட்டேன்.

— எனக்கு நிறுத்த வழியில்லடா.

— அவரு இப்ப குடிக்கறதே இல்ல. கேட்டுப் பாரு யாரனாலும். நீ போயி அங்க வாழு, அவ வந்து இங்க வாழட்டும். ரெண்டு வூடும் நல்லா இருக்கும். அம்மாவும் அதத்தான் சொல்லுது.

— முழுசா பாத்திருந்தா கடசியில ஒரு கொரல் கேட்டிருக்கும். புடிச்ச போனு ஆடும், அழுதுக்கினே அண்ணா வுடுண்ணா வுடுண்ணான்னு ஒரு கொரலு.

— யாரு கொரலு?

— அடி வாங்கறது நானு, அடிக்கறது அவன். அப்ப போன யாரு புடிச்சான்னு ஒனக்குத் தோணவே இல்லயா?

— சும்மா எதயாவது சொல்லாதக்கா.

— கலைப்பிரியாதான்டா எடுத்தா. எனக்கு அனுப்பனது தெரிஞ்சி அவ போன அம்மிக்கல்லுல போட்டு ஒடச்சான் அவ அண்ணன். அப்டியும் வுடல அவ. நாளைக்கு சாட்சி சொல்ல விழுப்புரத்துக்கு வர்றா.

— எனக்குத் தெரியாதுக்கா. சத்தியமா தெரியாது. நான் அழிச்சது அவளுக்குத் தெரியுமா?

— இதுவரைக்கும் தெரியாது. வீடியோ எங்கன்னு கேப்பா, நீயே வந்து சொல்லு.

— அக்கா, கடைக்காரருக்குத் தெரியாததா, வேற எதனா வழி இருக்கும். நான் இப்பவே போறேன். அவகிட்ட மட்டும் சொல்லிடாதக்கா.

— ஒங்க போன்ல வேணாம் அண்ணி, அண்ணன் புடுங்கிடுவாரு, தமிழ்மணி லேப்டாப்புல போட்டு வைங்க, அவரு அக்காவுக்கு ஒன்னுன்னா உசுரயே குடுப்பாருன்னு சொன்னதே அவதான்டா. அத நம்பித்தான் ஒன்ன கட்டிக்கறேன்னும் சொன்னா.