எழுபத்தோராவது பந்து

புதுப் பந்தின் மேல் மெல்லிய பொடி படிந்திருக்கும். கழுவாமல் ஆடினால் மட்டையில் பிடிக்காது, வழுக்கும். அன்று மதியம் நூறு பந்துகளையும் வெந்நீரில் கழுவித் துடைத்து வாளியில் போட்டேன். அங்கிருந்து சொல்வதுதான் சரி, ஐயா.

அன்ஷான் நகரில் எங்கள் கொதிகலன் ஆலைக்கு ஒரு டேபிள் டென்னிஸ் அணி உண்டு. வசந்த விழாப் போட்டியில் என் இடத்தை வேறொருவனுக்குத் தரப்போவதாகப் பேச்சு. அணித்தலைவர் சியூ அண்ணன் எல்லோர் முன்னாலும் சொன்னார்: "வென்போ, உன் சர்வீஸ்ல சுழலே இல்லப்பா. எங்க வீட்டுக்காரி கொழுக்கட்டைய உருட்டி விட்டாக்கூட இதைவிட நல்லா சுத்தும்." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

சுழல் சர்வீஸைக் காதால்தான் கற்க வேண்டும். பந்தை அடிக்கக் கூடாது, அதன் அடியை உரச வேண்டும். அடித்தால் 'டக்' என்று கேட்கும். சரியாக உரசினால் காகிதத்தில் விரல் நகர்வது போல ஒரு சத்தம், அவ்வளவுதான். இன்னொன்று, எடுத்த வாளியில் கடைசிப் பந்து வரை போட்டு முடிக்காமல் நடுவில் விடக் கூடாது. பள்ளிக்கூடத்திலிருந்தே எங்களுக்கு அப்படித்தான் பழக்கம்.

கூடத்தில் சோபாவை எடுத்துவிட்டு மேசை போட்டிருந்தேன். என் மனைவி ருவோலான் உள்ளறையில் படுத்திருந்தாள். இருபத்தொன்பது வயது. இதயம் பலவீனம். மூச்சு முட்டினால் உடனே நிமிர்த்தி உட்காரவைத்து ஆக்சிஜன் உருளையைத் திறக்க வேண்டும். அந்தத் திருகைத் திருப்ப அவள் கையில் வலு இல்லை. அதற்காகத் தலையணைப் பக்கம் ஒரு பொத்தான். அழுத்தினால் கூடத்துச் சுவரில் மணி அடிக்கும்.

அன்று மூன்று முறை அடித்தது. முதலில் தண்ணீருக்கு. பிறகு திரைச்சீலைக்கு. மூன்றாம் முறை எதற்கென்று கேட்டேன்.

"சும்மாதான். பந்துச் சத்தம் நின்னுபோச்சு. இருக்கியா போயிட்டியான்னு பாத்தேன்."

"பந்து பொறுக்கிட்டிருந்தேன்."

"சரி, போ. உன் சின்ன வீடு காத்துட்டிருக்கும்."

வாளியை மறுபடி நிரப்பினேன். பிறகு மணியிலிருந்து பேட்டரியைக் கழற்றினேன். கோபம் எதுவும் இல்லை. மணி அடித்தால் பந்தின் சத்தம் கேட்பதில்லை.

அறுபத்திரண்டாவது பந்தில் சுவரைத் தட்டும் சத்தம் வந்தது. கேட்கவில்லை என்று உங்களிடம் முதல் வாக்குமூலத்தில் எழுதிக் கொடுத்தேன். அது பொய். பந்தின் சத்தத்தையும் மற்றதையும் பிரித்துக் கேட்கத்தானே அத்தனை நாள் பழகினேன். மூன்று தட்டு, ஓர் இடைவெளி, இரண்டு தட்டு. வாளியில் இன்னும் முப்பத்தெட்டு இருந்தன.

எழுபத்தோராவதில் அது வந்தது. பந்து வலையைத் தாண்டி விழுந்து, நின்று, என்னை நோக்கியே திரும்பி உருண்டது.

ஒன்று தற்செயலாக இருக்கலாம். மிச்சத்தையும் போட்டுப் பார்த்தேன். பதினேழு சரியாக விழுந்தன. தட்டுவது எண்பதுக்கு முன்பே நின்றுவிட்டது.

அவள் பாதி உடம்பு கட்டிலிலிருந்து கீழே சரிந்து கிடந்தது. கை சுவரில் இருந்தது. நான் பேட்டரியைத் திரும்பப் போட்டுவிட்டுத்தான் ஆம்புலன்ஸை அழைத்தேன். அவசரத்தில் தலைகீழாகப் போட்டிருக்கிறேன். நீங்கள் அதைக் கவனித்தது நல்லது.

ஆனால் ஒன்றை எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. வாளி காலியானதும் நான் சியூ அண்ணனுக்குப் போன் செய்யவில்லை. நேரே அவள் அறைக்குத்தான் போனேன். எனக்கு சர்வீஸ் வந்துவிட்டது என்பதை முதலில் அவளிடம்தான் சொல்ல நினைத்தேன். அவ்வளவு பிரியம் எனக்கு அவள் மேல்.