சம்பந்தி சொன்ன ஆன்டிவைரஸ்

கிள்ளானிலிருந்து கிளம்பிய கொமுட்டர் ரயிலில், எதிர் இருக்கை அம்மா பக்கத்திலிருந்தவரிடம் சொன்னது என் காதிலும் விழுந்தது.

“வீட்டுக் கம்ப்யூட்டர் அசையவே மாட்டேங்குது அக்கா! மக கல்யாணப் படமெல்லாம் அதுலதான் இருக்கு.”

“ஆன்டிவைரஸ் போட்டியா?”

“மூணு போட்டேன். எல்லாம் ஃப்ரீ லா! அண்ணன் ஒண்ணு சொன்னாரு, கொழுந்தன் ஒண்ணு, சம்பந்தி ஒண்ணு. யாரு சொன்னத விடுறது?”

“ஐயோ, மூணும் ஒண்ணோட ஒண்ணு அடிச்சுக்கும்! ஒண்ணு போதும்.”

அந்த அம்மா உடனே வீட்டிலிருந்த கணவருக்கு ஃபோன் போட்டார்.

“என்னங்க, அண்ணன் சொன்னத எடுத்துடுங்க. உங்க தம்பி சொன்னதையும் எடுங்க... எடுத்தாச்சா? படம் தெரியுதா? அக்கா, தெரியுதாம்!”

ரயில் பெட்டியே திரும்பிப் பார்த்தது.

“மிச்சமிருக்கிறது நல்லதுதானா?” என்றார் அக்கா.

“யாருக்குத் தெரியும்? அது சம்பந்தி சொன்னது. மக அவங்க வீட்டுலதானே இருக்கா!”