காருக்கு நிழல் தந்த கார்டு

உக்கடத்தில் பொள்ளாச்சி பஸ் கிளம்பியதும், முன்சீட்டுப் பெண் தன் கணவரிடம் சொன்னது என்னை நிமிர்ந்து பார்க்க வைத்தது.

"ஏனுங்க, இனி நம்ம காருக்கு நெழலு உழுகுமுங்க!"

அவர் காக்கிச் சட்டை போட்டிருந்தார். அவள் மடியில் ஒரு சின்ன அட்டைப்பெட்டி. உள்ளே இருப்பது திரையில் படம் வரவைக்கிற கிராபிக்ஸ் கார்டு, கார் என்பது கம்ப்யூட்டர் விளையாட்டில் ஓடுகிற கார் என்பதெல்லாம் பேச்சுப்போக்கில்தான் புரிந்தது. பகலில் அவள் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற கம்ப்யூட்டர் அது. காருக்கு நிழல் காட்டாத பழைய கார்டும் எரிந்துபோய், பத்து நாளாகத் திரை இருட்டு.

"அதே வெலைக்குப் புதுசே இருந்துச்சே அம்மணி. அடுத்தவங்க போட்டுக் கழட்டுனதை ஏன் எடுத்தே?"

"அந்தப் புதுசு பத்திரிகை அடிக்கத்தான் ஆகுமுங்க. கார் ஓட்டுனா விட்டு விட்டு நகருது. நீங்க டீக்குப் போனப்ப ரெண்டையும் போட்டுக் காட்டச் சொன்னேனுங்க. இதுல மழை பேஞ்சா ரோடே மின்னுதுங்க!"

"நம்மளதுல சேருமா?"

"எரிஞ்ச கார்டைப் பக்கத்துல வெச்சுப் பாத்துத்தானுங்க எடுத்தேன். சொருகற எடம் ரெண்டுக்கும் ஒண்ணுதான்."

அவர் பெட்டியை வாங்கிக் குலுக்கப் போனார். அவள் பிடுங்கிக்கொண்டாள்.

"செரி, போனதும் மொத ஆட்டம் நாந்தான்."

"வருசம் பூரா லாரி நீங்கதானுங்க ஓட்டறீங்க. ஊட்டுல நான் ஓட்டறேன். நீங்க கிளீனரு."

 அவர் முன்னால் இருந்த கம்பியை ஓங்கித் தட்டி, "போலாம், ரைட்!" என்றார்.