மச்சான் கட்டிய ஆம்ப்ளிபயர்

பியூஸ் போனால் எல்லாரும் பியூஸைத்தான் திட்டுவார்கள், ஐயா. நான் திட்டமாட்டேன். புதுவயலில் இருபத்தாறு வருடமாக ரேடியோவும் ஆம்ப்ளிபயரும் பழுது பார்க்கிறேன். பியூஸ் எரிந்தால் யாரையோ காப்பாற்றியிருக்கிறது என்று அர்த்தம்.

வீரபாண்டியன் என் தங்கை பொன்னுத்தாயியின் புருஷன். அரிசி மில்லில் மோட்டார் பார்க்கிறவர். செல்போனில் வீடியோ பார்த்துப் பார்த்தே வீட்டில் ஒரு ஆம்ப்ளிபயர் கட்டிவிட்டார். சத்தம் கணீரென்று இருந்தது, அதை மறைப்பது நியாயமில்லை. அம்மன் கோயில் பால்குடத்துக்கு ரேடியோ செட் கட்டுவது என் அப்பா காலத்திலிருந்து எங்கள் உரிமை. இந்த வருடம் ஊர்க்கூட்டத்தில் அதை மச்சானுக்குக் கொடுத்தார்கள். அந்தக் கூட்டத்தில் நானும்தான் உட்கார்ந்திருந்தேன். என்ன சொல்கிறாய் இருளாண்டி என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை.

திருவிழாவுக்கு இரண்டு நாள் முன்னால் மச்சான் அந்தத் தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு என் கடைக்கே வந்தார். காப்புக் கட்டியிருந்ததால் காலில் செருப்பு இல்லை.

"போட்டதும் பியூஸ் போயிருது மச்சான். மூணு மாத்திட்டேன். நீங்கதான் பாக்கணும்."

பெட்டிக்குப் போகும் கரண்டில் சீரிஸ் பல்பு ஒன்றைக் கோத்துப் பார்த்தேன். பல்பு பளிச்சென்று எரிந்தது. எர்த் ஒயரைக் கழற்றினேன், அணைந்துவிட்டது. டிரான்ஸ்பார்மரில் கோளாறு. கரண்ட் தகரத்தில் இறங்கி எர்த் வழியாக ஓடப் பார்க்கிறது, பியூஸ் எரிந்து அதைத் தடுக்கிறது. பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டேன். மாற்றிப் போட ஒரு டிரான்ஸ்பார்மர் அலமாரியிலேயே இருந்தது.

நான் எர்த் ஒயரை மட்டும் உள்ளுக்குள் வெட்டிவிட்டு, புதுப் பியூஸ் போட்டு மூடினேன். அதன்பிறகு அது எரியவில்லை, கரண்ட் ஓட வழியில்லாமல் தகரத்திலேயே நின்றது. மச்சான் பெட்டியை ஆசையாகத் தடவிப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை, என் கடைத் தரையில் ரப்பர் பாய் கிடக்கிறது. கோயில் வாசலில் பாய் கிடையாது. பால்குடம் எடுப்பவர்கள் கால் சுடாமல் இருக்கத் தெருவெல்லாம் தண்ணீர் ஊற்றுவார்கள். இதெல்லாம் எனக்குத் தெரியும். சுள்ளென்று ஒரு ஷாக், பயந்து பெட்டியை ஓரங்கட்டிவிடுவார், பிறகு என்னைக் கூப்பிடுவார்கள். அவ்வளவுதான் நினைத்தேன்.

பால்குடத்தன்று காலை மச்சான் சுவர் சுவிட்சைப் போட்டு, செட் பாட ஆரம்பித்ததும் பொன்னுத்தாயி வந்தாள். மேலெல்லாம் மஞ்சள் தண்ணீர், கையில் சந்தனக் கிண்ணம். புதுச் செட்டுக்குப் பொட்டு வைக்கவேண்டுமாம்.

"அண்ணே, சரி பண்ணிக் குடுத்தது நீங்க. நீங்களே வைங்க," என்று கிண்ணத்தை என்னிடம் நீட்டினாள்.

"நான் காப்புக் கட்டலத்தா. மச்சான வைக்கச் சொல்லு."

மச்சான் மைக் கம்பத்தில் ஒயரை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். அவள் அங்கே பார்த்தாள், சிரித்தாள், தானே சந்தனத்தில் விரலைத் தொட்டுக்கொண்டு பெட்டிப் பக்கம் நடந்தாள். எட்டடி தூரம் இருக்கும். அம்மா போன பிறகு அவளுக்குத் தலை பின்னிப் பள்ளிக்கூடம் அனுப்பியவன் நான். ஒரு சத்தம் போட்டிருந்தால் நின்றிருப்பாள். உனக்கு எப்படித் தெரியும் என்று மச்சான் கேட்பாரே என்று யோசித்தேன். தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். என் நாக்கு ஆடவில்லை.

மச்சான் மூன்று நாளாகத் தன் கட்டிலைக்கூடத் தொடாமல் தரையில் கிடக்கிறார். நான் கட்டின பெட்டிதான் அவளைக் கொன்னுச்சு என்று அதையே சொல்லிக்கொண்டிருக்கிறார். பார்க்கப் பொறுக்காமல்தான் ஸ்டேஷனுக்கு வந்தேன்.

என் தங்கைக்கு நான் ஒரு நாளும் கெடுதல் நினைத்ததில்லை, ஐயா. அது மச்சானுக்காக வைத்தது. நீங்கள் அவரிடம் அதை எடுத்துச் சொன்னால் அவர் மனசு ஆறும்.