தலைவர் வீட்டுப் பாம்பு கக்கியது

— செவ்வாய்க்கிழமையா எலி போட்ட? ஞாயித்துக்கிழமைதானே அதுக்குச் சாப்பாட்டு நாள்?

— இந்த ஞாயிறு போடவில்லை, ஹில்லி. நன்றாகப் பசிக்கட்டும் என்று விட்டுவைத்தேன். பசித்த பாம்பு பெரிய எலியையும் யோசிக்காமல் எடுக்கும்.

— என்கிட்ட ஏன் சொல்லல?

— உன்னிடமா? பாம்புக் குஞ்சு வந்த நாளிலிருந்து அந்த அறைக்குள் நீ எட்டிப் பார்த்ததே இல்லையே!

— அதுக்காக? ஒரே வீட்டுல இருக்கிற ஜீவன். எப்ப சோறு போடறன்னு ஒரு வார்த்தை சொன்னா வாய் தேஞ்சிடுமா?

— இப்போது அதுவா பிரச்சினை? புதன்கிழமை காலையில் போய்ப் பார்க்கிறேன், எலி வெளியே கிடக்கிறது. பாதி கரைந்து, ஊறிப்போய், ஒரே நாற்றம். கக்கிவிட்டது, ஹில்லி. குரோனிங்கன் வட்டாரப் பாம்பு வளர்ப்போர் சங்கத் தலைவரின் பாம்பு கக்கிவிட்டது.

— காலங்காத்தால மேடையில பேசற மாதிரி பேசாதே, ரைண்டர். காப்பியைக் குடி.

— காப்பி இருக்கட்டும்.

— எவ்வளவு பெரிய எலி?

— ஒரே ஒரு அளவுதான் கூட. இதுவரை போட்டது மயிர் முளைக்காத குஞ்செலி. இது மயிர் முளைத்தது.

— காப்பிக்கு ஒரு பிஸ்கட். ரெண்டாவதுக்குக் கை நீட்டினா டப்பாவை மூடிடற ஆளு நீ. பாம்புக்கு மட்டும் கை தாராளமாயிடுச்சோ?

— கேலி செய்யாதே. விதியை எழுதியவனே நான்தான். எலியை விழுங்கிய பிறகு பாம்பின் வயிறு புடைத்துத் தெரியக் கூடாது. தொடர்ந்து இரண்டு முறை அப்படி இருந்தால் மட்டுமே அடுத்த அளவு. சங்கப் பத்திரிகையில் கட்டம் கட்டிப் போட்டேன். எனக்கு ஒரு முறைதான் அப்படி ஆயிற்று. இரண்டாவது முறை வரைக்கும் பொறுக்கவில்லை.

— அப்படி என்ன அவசரம் வந்துது?

— மார்ச் கூட்டம் ஞாபகம் இருக்கிறதா? ஒரே தாயின் முட்டைகளில் பொரித்த ஆறு விஷமில்லாத சோளப்பாம்புக் குஞ்சு, முன்பே ஆறு பேருக்குப் பிரித்துக் கொடுத்திருந்தோம். அன்றைக்கு ஆறையும் மேசையில் வைத்துப் பார்த்தோம். மற்ற ஐந்தும் விரல் மொத்தம். என்னுடையது...

— ஒல்லி. சொன்னியே.

— அந்த ஆறு பேரில் ஒருவன், தீமென், சொன்னதை உனக்குச் சொல்லவில்லை. "தலைவரே, ஷூ லேஸைக் கழட்டி வெச்சிட்டீங்க, பாம்பு எங்க?"ன்னு கேட்டான். எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். வேற என்ன பண்றது?

— அதான் அடுத்த மாசமே அவன் பாம்பைப் பிடுங்கிட்டியா?

— பிடுங்கவில்லை! அவன் அவசரப்பட்டுப் பெரிய எலி போட்டான், குஞ்சு கக்கியது. அவசரக் கைக்குக் குஞ்சு இல்லை என்பது சங்கத்தின் முடிவு. நான் அதை நிறைவேற்றினேன்.

— அவன் பொறந்தநாளன்னிக்கு. சொந்தக்காரங்க எல்லாம் வட்டமா நாற்காலி போட்டு உக்காந்திருக்கிறப்ப. நடுவுல நீ டப்பாவோட போய் நின்ன.

— அன்று பிறந்தநாள் என்று எனக்குத் தெரியாது.

— கதவைத் திறந்ததும் தெரிஞ்சிருக்கும்ல? ஆனா ஒரு துண்டு கேக்கை வாங்கித் தின்னுட்டுத்தான் தூக்கிட்டு வந்த.

— ...கொடுத்தார்கள். வேண்டாம் என்றால் மரியாதையாக இருக்காது.

— பாவம், அவன் ஒரு தபால்காரன். ஊரெல்லாம் நாய்கிட்ட கடி வாங்கறான், கடிக்காத பிராணி ஒண்ணு வீட்டுல இருக்கட்டும்னு வளர்த்தான்.

— அதனால்தான் சொல்கிறேன். இரவெல்லாம் யோசித்தேன். ஊருக்கு ஒரு நியாயம், தலைவனுக்கு ஒரு நியாயமா? ஃபெனாவுக்கு ஃபோன் செய்துவிட்டேன்.

— என்னத்துக்கு?

— செயலாளர் என்ற முறையில் அவள் வந்து என் குஞ்சை எடுத்துக்கொண்டு போக வேண்டும்.

— என்ன சொன்ன?

— இன்று. இப்போதே. டப்பாவுடன் கிளம்பிவிட்டாள்.

— ரைண்டர்! உனக்கென்ன கிறுக்கா? யாருக்குத் தெரியும் அது கக்குனது? துடைச்சியா? கழுவினியா? முடிஞ்சுது. வாயை மூடிக்கிட்டு இரேன்.

— ஹில்லி, நீயா இப்படிப் பேசுகிறாய்?

— நான்தான் பேசறேன். உன் பேரு என்ன ஆகும்? உன் கௌரவம்? பாம்பு எக்கேடு கெட்டாலும் எனக்கென்ன, எனக்கு உன் நினைப்புத்தான்.

— முப்பது வருஷத்தில் என் கௌரவத்தைப் பற்றி நீ கவலைப்பட்டு நான் பார்த்ததில்லை. நெஞ்சு நெகிழ்கிறது.

— நெகிழ வேணாம். ஃபோனை எடுத்து அவளை வராதேன்னு சொல்லு.

— முடியாது. சனிக்கிழமைப் பொதுக்கூட்டத்தில் எழுந்து நின்று ராஜினாமாவும் அறிவிக்கப்போகிறேன். முதல் வரி கூடத் தயார். "நண்பர்களே, பொறுமையைப் போதித்தவன் பொறுமை இழந்தான்..."

— எலியைக் கக்குனதுக்கு ராஜினாமா! ஹேக்ல பார்லிமென்ட்டுல இருக்கிற மந்திரிகூட இன்னும் நல்ல காரணத்துக்காகக் காத்திருப்பான். இதோ பாரு, உனக்கு உறுத்துதுன்னா தீமென் வீட்டுக்குப் போ. அவன் முன்னாடி உக்காந்து, தப்புப் பண்ணிட்டேன்பான்னு சொல்லு. அதுக்குக் கூட்டமும் வேணாம், முதல் வரியும் வேணாம்.

— தனியாகவா? அவன் வீட்டிலா?

— ஆமா. ஆளில்லாத இடத்துல மன்னிப்புக் கேட்டா உனக்கு ருசிக்காதுல்ல?

— அது... அவன் என்னை உள்ள விடுவானான்னே தெரியல, ஹில்லி. அன்னிக்கு நான் டப்பா மூடியை மூடறப்ப அவன் கிட்ட வந்து குனிஞ்சான். மூடியில காத்து போற ஓட்டை இருக்கான்னு மட்டும் பார்த்தான். அதான் மண்டையில நிக்குது.

— இப்பதான் மனுஷன் மாதிரி பேசற.

— பெல் அடிக்கிறது. ஃபெனாதான்.

— திறக்காதே.

— திற, ஹில்லி.

— ...வாம்மா ஃபெனா. தொப்பலா நனைஞ்சிருக்கியே! சைக்கிள்லயா வந்த, இந்த மழையிலயா?

— ஆமா ஹில்லி. சரி, சரி, பரவாயில்ல. சைக்கிள் முன்னாடி பெட்டியில டப்பா இருக்கு. அதாவது, வெந்நீர்ப் பையும் துணியும் வெச்சிருக்கேன்.

— துணி பத்தாது. அதுக்குக் குளிர் ஒத்துக்காது. விளக்குக்குக் கீழயே கிடக்கிற குஞ்சு. மழை விட்டப்புறம் நாளைக்கு வாயேன். இல்ல, அடுத்த வாரம்.

— பார்த்தாயா ஃபெனா? பாம்பென்றால் முகம் சுளிப்பவள். எனக்காக எவ்வளவு பதறுகிறாள் பார்.

— ரைண்டர், ஒண்ணு கேக்கட்டுமா? அதாவது, தப்பா எடுத்துக்காதீங்க. ஃபோன்ல நீங்க சொன்னதை வெச்சிப் பார்த்தா அந்த எலி அவ்வளவு பெருசு இல்லையே. குஞ்சோட உடம்பு மொத்தம்தானே இருந்துது?

— ஏறக்குறைய.

— சரி, சரி. அந்த எடைக்கு நானும் அதேதான் போடறேன். போன மாசமே மாத்திட்டேன். வயிறு கொஞ்சம் புடைக்கும், மறுநாள் அடங்கிடும். ஒண்ணும் ஆகல.

— இரண்டு முறை பார்த்துவிட்டா மாற்றினாய்?

— ...அதாவது, ஒரு முறை. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு இருந்தேன்.

— ஃபெனா!

— யாருமே ரெண்டு முறை பார்க்கறதில்ல, ரைண்டர். உங்க மனசு கஷ்டப்படுமேன்னு எல்லாரும் பார்த்ததாச் சொல்லிக்கிறோம்.

— பத்திரிகையில் கட்டம் கட்டிப் போட்டேனே!

— படிச்சோம். கட்டம் நல்லா இருந்துது.

— இன்னொரு பிஸ்கட் எடுத்துக்கோம்மா ஃபெனா. இன்னிக்கு டப்பாவை மூட விடமாட்டேன். பாரு, நீயே சொல்ற, எலி பெருசில்லைன்னு. அப்ப பாம்பு இங்கயே இருக்கட்டுமே?

— அதான் எனக்குப் புரியல, ஹில்லி. எலியால இல்லன்னா வேற எதனால? அறை குளிர்ந்துபோச்சா? விளக்கு அணைஞ்சுதா?

— இல்லை. விளக்கு எரிந்தது. சூடு சரியாக இருந்தது.

— அப்ப சாப்பிட்டதும் யாராவது வெளிய எடுத்தீங்களா? ரெண்டு நாளைக்குத் தொடக் கூடாது. தூக்கினா கக்கிடும். வளர்ந்த பாம்பே கக்கும், இது குஞ்சு வேற.

— யார் எடுப்பது? எலியைப் போட்டேன், விழுங்கியதைப் பார்த்தேன், குழுக் கூட்டத்துக்குக் கிளம்பிவிட்டேன். வீட்டில் இவள் மட்டும்தான். இவளோ அந்தக் கதவைக்கூடத் தொடமாட்டாள்.

— காப்பி இன்னும் ஊத்தட்டுமா? ஃபெனா, உனக்கு? ஆறிப்போச்சு, சுட வெச்சிக் கொண்டாரேன்.

— வேணாம் ஹில்லி, உக்காருங்க. முகமெல்லாம் வெளுத்துக் கிடக்கு.

— அவளுக்கு என் ராஜினாமா அதிர்ச்சி, ஃபெனா. விட்டுவிடு. காரணம் தேடி என்னைத் தப்பிக்க வைக்கப் பார்க்காதீர்கள் இருவரும். எலி சின்னதோ பெரிதோ, எடுத்த கையில் பொறாமை இருந்தது. தீமென் சிரித்த சிரிப்புக்குப் பதில் சொல்ல ஒரு குஞ்சை ஊதிப் பெருக்க நினைத்தேன். அவனுக்கு ஒரு நியாயம் என்றால் எனக்கும் அதேதான். எடுத்துக்கொள்.

— அப்ப சரி. அதாவது, நீங்க சொல்றதால எடுத்துட்டுப் போறேன். ரெண்டு வாரம் எதுவும் குடுக்கமாட்டேன், அப்புறம் சின்ன குஞ்செலியிலேர்ந்து ஆரம்பிக்கிறேன். தீமென் குஞ்சும் என்கிட்டதான் இருக்கு.

— திரும்பக் குடுப்பீங்களா?

— என்ன ஹில்லி?

— இல்ல, ரைண்டருக்காகக் கேட்டேன். அது தேறினப்புறம் திரும்பக் குடுப்பீங்களான்னு.

— விதிப்படி கிடையாது. எழுதியவன் நான். வா ஃபெனா, அறை இந்தப் பக்கம். எங்கே போயிற்று? காலையில் தண்ணீர்க் கிண்ணத்துப் பக்கம் இருந்தது.

— கட்டைக்குப் பின்னாடி பாரு. இந்த நேரத்துல அங்கதான் சுருண்டிருக்கும்.

— உனக்கு எப்படி...

— தூசி தட்டறப்ப கண்ணுல பட்டுது.

— இந்த அறையில் நீ தூசி தட்டியதே இல்லையே. இதோ, இருக்கிறது. ஃபெனா, டப்பாவைத் திற. நானே எடுத்து வைக்கிறேன். தலைவர் என்ற முறையில் என் கடைசிக் கடமை.

— ஐயோ, கழுத்துகிட்ட பிடிக்காதே ரைண்டர், அதுக்குப் பிடிக்காது! நடுவுல தாங்கு. அவசரப்படாதே. தானா விரல்ல சுத்திக்கும். அப்புறம் சட்டைக் கைக்குள்ள போகப் பார்க்கும், விட்டுடு, கொஞ்ச நேரத்துல அதுவே வெளிய வந்துடும்.

— ஹில்லி?

— மூடியை மூடாதேம்மா ஃபெனா. ஒரு நிமிஷம் மூடாதே.

— ஹில்லி, இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?

— எலி சரியான அளவுதான், ரைண்டர். நீ கூட்டத்துக்குப் போற சாயங்காலமெல்லாம் அது என் மடியிலதான் கிடக்கும், செவ்வாய்க்கிழமையும் கதவு சாத்தின சத்தம் கேட்டதும் எப்பவும் போலத் தூக்கிட்டேன், நீ அதுக்குச் சோறு போட்டுட்டுப் போனது எனக்குத் தெரியாதே.