பிரிட்டனி வீட்டின் காலிக் கட்டம்

அந்தப் பின்பக்க பேட்டியோ கதவைச் சாத்திவிட்டு உட்காருங்கள். என்னோடு வேலை செய்யும் பத்ரியின் மச்சானுக்கு நடந்தது இது.

ஆகஸ்ட் மாதம், மாலை நாலு மணி. டெக்சஸில் ஃபிரிஸ்கோவைத் தாண்டி வடக்கே போகும் பண்ணைச் சாலை. இரு பக்கமும் காய்ந்த புல்... வேறு வண்டியே இல்லை. காரில் பத்ரியின் மச்சான் சபரிநாதன், கட்டட இன்ஜினியர். பக்கத்தில் மனைவி வான்மதி. அனுமார் கோயிலுக்குப் போகுமுன், தான் வேலை பார்க்கும் சைட்டை ஒருமுறை எட்டிப் பார்த்துவிடலாம் என்றான்.

அங்கே ஒரு பணக்காரர், பிரான்சின் பிரிட்டனியிலிருந்து ஐந்நூறு வருஷத்து வீட்டைப் பிரித்து, கப்பலில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். ஓக் தூண், ஓக் விட்டம். ஆணியே கிடையாது, எல்லாம் மர முளை. ஒவ்வொரு மாடியும் கீழ்மாடியைவிட ஓரடி வெளியே துருத்தி நிற்கும். மரச்சட்டங்களுக்கு நடுவே கட்டம் கட்டமாகக் களிமண்ணும் வைக்கோலும் பிசைந்து அடைத்த சுவர்.

மேல்மாடி உள்சுவரில் ஒரு கட்டம் மட்டும் நிற்கவில்லை. எத்தனை முறை அடைத்தாலும் காலையில் மண் தரையில் கிடக்கும். அன்றும் காலியாகத்தான் இருந்தது; சபரி வான்மதியை அங்கே கூட்டிப்போனான்.

"அளவு எடுக்கணும், அந்த கேப்புல நின்னு டேப்ப புடி. ரெண்டே நிமிஷம்."

நின்றாள். கட்டம் அவள் தோளுக்குத் தோள் அளவெடுத்ததுபோல் இருந்தது.

"மூச்சு முட்டுதுங்க. ஏதோ ஈர நாத்தம் வேற..."

"டிராமா பண்ணாத. ஆடாம நில்லு."

காரில் மறந்த ரசமட்டத்தை எடுக்கக் கீழே இறங்கினான். படியில் பாதியில் அவள் கூப்பிட்டாள். ஒருமுறை... இன்னொருமுறை. "வரேன், வரேன்" என்றான். திரும்பவில்லை.

மேலே வந்தபோது கட்டம் அடைபட்டிருந்தது. பச்சை மண், வழவழவென்று. டேப் மட்டும் தரையிலிருந்து சுவருக்குள் போயிருந்தது.

இழுத்தான்.

உள்ளேயிருந்து யாரோ இழுத்தார்கள்... ஒரே ஒரு முறை. பிறகு தொய்ந்துவிட்டது.

நகம் பெயரப் பெயரத் தோண்டினான். மறுபக்கத்து வெளிச்சம் தெரிந்தது. நடுவில் வைக்கோல்தான்.

போலீஸ் மாடியையே பிரித்துப் பார்த்தது. ஒன்றும் கிடைக்கவில்லை. நாலு மாதம் சபரியைத்தான் குடைந்தார்கள். அந்தப் பணக்காரர் கட்டத்தைத் திரும்ப அடைத்தார். இந்த முறை மண் நின்றது. இப்போது அங்கே கல்யாண பார்ட்டிகள் நடக்கின்றன.

போன வாரம் சபரி போய்ப் பார்த்தானாம். வெயில் நூற்று ஏழு டிகிரி. சுவர் முழுக்கக் காய்ந்து வெடித்திருக்கிறது. உள்ளங்கை அகலத்துக்கு ஓர் இடம் மட்டும்... வான்மதியின் வாய் உயரத்தில்... இன்னும் காயவில்லை.